டாஷ்போர்டுத் திருகுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கார்களைச் சீர்செய்வது குறித்துச் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டாஷ்போர்டைப் பற்றியவை. எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் ஆள் கிடைத்துவிடுகிறார். கண்ணெதிரே இருக்கும் சிறு திருகுகளுக்குத்தான் வழி தெரியவில்லை என்பது அவற்றின் பொதுவான குறை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஐயா காலத்தில் வாங்கிய 1938ஆம் ஆண்டு மாரிஸ் எயிட் காரைச் சீர்செய்யத் தொடங்கியிருக்கிறோம். டாஷ்போர்டில் மீட்டர்கள் பதிந்திருக்கும் தகட்டைப் பிடிக்கும் திருகுகளில் இரண்டு காணவில்லை. மிச்சமிருப்பதில் ஒன்றை வெர்னியர் அளவுகோலால் அளந்தால் 4.7 மில்லிமீட்டர் காட்டுகிறது. பட்டறையில் 5 மில்லிமீட்டர் திருகைக் கொடுத்து, ஏறக்குறைய அதுவேதான் என்றார்கள். அது இரண்டு சுற்று ஏறியதும் இறுகி நின்றுவிட்டது. துளையில் புதிதாக மரை வெட்டி 5 மில்லிமீட்டருக்கே மாற்றிவிடலாம் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா, ஐயா?
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: வெட்ட வேண்டாம். துளையில் மரை வெட்டிவிட்டால் சரியான திருகு பிறகு கிடைத்தாலும் அதற்கு அங்கே இடமிருக்காது. ஒரு திருகு கிடைக்கவில்லை என்பதற்காக, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மாறாதிருந்த ஒரு துளையை மாற்றுவது சரியான கணக்கல்ல.

உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 2 பி.ஏ. எனப்படும் திருகாக இருக்கும். பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியலாளர் அமைப்பு 1884இல் சிறு திருகுகளுக்காக முன்வைத்த அளவுமுறை இது. கடிகாரம், மின்கருவி, அளவுமானி செய்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வழியாக அது பிரிட்டிஷ் கார்களின் டாஷ்போர்டுக்கும் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் பிறந்ததாயினும் இதன் அடிப்படை மில்லிமீட்டர்தான். சுழியம் எண் திருகு 6 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. மரை இடைவெளியும் (அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தூரம்) உடையது. எண் ஒன்று கூடும்தோறும் மரை இடைவெளி முந்தையதில் பத்தில் ஒன்பது பங்காகச் சுருங்கும். அவ்வாறு 2 பி.ஏ.யின் விட்டம் 4.7 மி.மீ., இடைவெளி 0.81 மி.மீ. ஆகிறது. 4 பி.ஏ. என்றால் 3.6 மி.மீ., 0.66 மி.மீ.; 6 பி.ஏ. என்றால் 2.8 மி.மீ., 0.53 மி.மீ. டாஷ்போர்டில் நீங்கள் சந்திக்கக்கூடியவை பெரும்பாலும் இந்த மூன்றும்தான்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், 2 பி.ஏ.யின் அருகிலேயே இன்னும் மூன்று திருகுகள் நிற்கின்றன. அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு அளவுள்ள பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்மரை) திருகின் விட்டம் 4.76 மி.மீ., அங்குலத்துக்கு 32 மரை. அமெரிக்க வழியில் வந்த 10-32 திருகின் விட்டம் 4.83 மி.மீ., அதற்கும் அங்குலத்துக்கு 32 மரை. இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் எம்5 திருகு 5 மி.மீ. விட்டம், 0.8 மி.மீ. இடைவெளி. வெறும் கண்ணுக்கு நான்கும் ஒன்றுபோலத் தோன்றும். மரையின் கோணமோ வேறுவேறு: பி.ஏ.க்கு 47.5 பாகை, பி.எஸ்.எஃப்.க்கு 55 பாகை, மற்ற இரண்டுக்கும் 60 பாகை. 2 பி.ஏ. துளையில் எம்5 செல்லாது. உங்களுக்கு நேர்ந்ததுபோல் ஒன்றிரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும். இதைவிட ஆபத்தானது எதிர்த்திசைக் குழப்பம். 10-32 துளையில் 2 பி.ஏ. திருகு எளிதாக ஏறி, நன்றாகவே பொருந்தியதுபோல் காட்டி, வண்டி ஓடத் தொடங்கியதும் அதிர்வில் தளர்ந்து வெளியே வரும். எளிதாக ஏறுகிறது என்பதைப் பொருத்தத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது.

ஆகவே முதலில் துளையை விசாரியுங்கள். திருகு இரண்டாம் சாட்சிதான். உங்களிடம் மிஞ்சியிருக்கும் திருகே பின்னாளில் யாரோ கிடைத்ததைக் கொண்டு பூட்டியதாக இருக்கலாம். துளையைக் கெரசின் தோய்த்த சிறு தூரிகையால் சுத்தம் செய்து, அந்தத் திருகை விரலால் மட்டும் திருகுங்கள், திருப்புளி வேண்டாம். கடைசி வரை விரலுக்கு இணங்கி ஏற வேண்டும். பாதி வழியில் பிடித்து அசைத்தால் ஆட்டமும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒருசேர அமைந்தால் அது அந்தத் துளைக்கு உரிய திருகு. மெல்லிய நட்டில் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 0.81க்கும் 0.79க்கும் உள்ள வேறுபாடு மூன்று மரைகளுக்குள் தெரியாது; பத்து மரைகளுக்கு மேல் சென்றால்தான் உறைக்கும். அதற்காகவே ஒரே வகை நட் இரண்டை அடுத்தடுத்து வைத்து, இடைவெளியின்றி மரை தொடரும்படி பிடித்துச் சோதிப்பார்கள். பத்து மரைகளின் நீளத்தை அளப்பதும் ஒரு வழி: 2 பி.ஏ. என்றால் 8.1 மி.மீ., எம்5 என்றால் 8.0 மி.மீ., அங்குலத்துக்கு 32 மரை என்றால் 7.94 மி.மீ. வரும். இதற்கு நல்ல வெர்னியரும் தேயாத மரையும் தேவை. தலையை ஒட்டியுள்ள மரைகளே பெரும்பாலும் தேயாமல் இருக்கும். அங்கே அளந்து பாருங்கள். மரை அளக்கும் சீப்புத் தகடு வாங்குவதாக இருந்தால், அதில் 47.5 பாகைக்கான பி.ஏ. இதழ்கள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தொகுப்பில் 55, 60 பாகைகள் மட்டுமே இருக்கும்.

ஏற்கெனவே எம்5 இறுகிய துளையைப் பொறுத்தவரை, இரண்டு சுற்றோடு நிறுத்தியது நல்லதாயிற்று. முன் மரைகள் இரண்டு சற்று நசுங்கியிருக்கும். சரியான 2 பி.ஏ. திருகு ஒன்றின் மரைகளுக்குக் குறுக்கே, நீளவாட்டில் அரத்தால் ஒரு பள்ளம் வெட்டி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக மெல்லத் திருகினால் அது அழுக்கையும் நசுங்கலையும் நீக்கிவிடும். உலோகத்தைப் புதிதாக வெட்டாது. மரை வெட்டும் கருவியான டேப்பைப் போட்டால் கை சற்றுச் சாய்ந்தாலும் நல்ல மரையும் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்கால மாரிஸ் வண்டிகளில் எஞ்சின் பகுதியின் பல போல்ட்டுகள் பிரெஞ்சு வழி வந்த மில்லிமீட்டர் மரையும், மேலே விட்வொர்த் எனும் பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு ஸ்பேனருக்குப் பொருந்தும் தலையும் உடையவை. எஞ்சினில் மில்லிமீட்டர் மரையைக் கண்ட மெக்கானிக், டாஷ்போர்டும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருக்கக்கூடும். ஒரே வண்டியில் மூன்று அளவுமுறைகள் இருப்பது அக்காலத்தில் வியப்பல்ல. எனவே ஒரு துளையில் கண்டறிந்ததை அடுத்த துளைக்கு நீட்டிக்காமல், ஒவ்வொன்றையும் தனியே சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களிடம் 1960களின் தொடக்கத்தைச் சேர்ந்த அம்பாசிடர் இருக்கிறது. அதுவும் பிரிட்டிஷ் வடிவமைப்புதானே, அதற்கும் பி.ஏ. திருகுகளைத்தான் தேட வேண்டுமா? டாஷ்போர்டின் கீழ்விளிம்பில் திருகு சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை.
– தேவகோட்டை வாசகி

பதில்: தேவையில்லை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் 1948இல் பொதுவான யூனிஃபைடு அளவுமுறைக்கு உடன்பட்டன. அதன்பின் பிரிட்டிஷ் கார்கள் படிப்படியாக அதன் நுண்மரையான யூ.என்.எஃப்.க்கு மாறின. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையைத் தழுவி 1957இல் வந்த அம்பாசிடர் அந்த மாற்றத்துக்குப் பிந்தியது. மரையுள்ள இடங்களில் 10-32 திருகையும் கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 28 மரையும் உள்ள போல்ட்டையும் முதலில் சோதியுங்கள். மீட்டர்களின் பின்புறச் சிறு முனைகளில் மட்டும் பி.ஏ. நீண்டகாலம் தங்கியிருந்ததால், அங்கே தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

சுற்றிக்கொண்டே இருக்கும் திருகு பெரும்பாலும் தகட்டுத் திருகாக இருக்கும். தகட்டின் விளிம்பில் செருகிய மெல்லிய எஃகு வில் கிளிப்பில் அது பிடித்திருக்கும். கிளிப்பின் நாக்குகள் விரிந்துவிட்டாலோ, கிளிப்பே விழுந்துவிட்டாலோ திருகு வெறுமனே சுற்றும். பலரும் அப்போது அதைவிடப் பருத்த திருகைச் செலுத்திவிடுகிறார்கள். அடுத்த முறை அதைவிடப் பருத்தது தேவைப்படுகிறது. மாற்ற வேண்டியது கிளிப்பைத்தான். எண் 6 என்றால் 3.5 மி.மீ., எண் 8 என்றால் 4.2 மி.மீ., எண் 10 என்றால் 4.8 மி.மீ.; கிளிப்பையும் திருகையும் அதே எண்ணில் இணையாக வாங்குங்கள். தகட்டின் தடிமனையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். கிளிப் அந்தத் தடிமனுக்கு ஏற்றதாக இருந்தால்தான் விளிம்பைக் கவ்வி நிற்கும்.

கேள்வி: கார் டாஷ்போர்டின் மரப்பலகை செல்லரித்துப் போனதால், வீட்டில் பழைய நிலைக்கதவிலிருந்து எஞ்சிய பர்மா தேக்கைக் கொண்டு எங்கள் ஆசாரி மிக அழகாகப் புதிய பலகை செய்து தந்துவிட்டார். அதை எந்தத் திருகால் பூட்டுவது? வீட்டில் இரும்புத் திருகுகள் நிறைய இருக்கின்றன.
– காரைக்குடி வாசகர்

பதில்: செட்டிநாட்டு ஆசாரியின் கையில் தேக்கு கிடைத்தால் பலகையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் ஒட்டுப்பலகை மேல் ஒட்டிய மெல்லிய வால்நட் மரத்தகடான மேலொட்டுதான் இருந்தது என்பதால், அசல்தன்மையைக் கணக்கிடும் போட்டிகளில் தேக்குக்கு மதிப்பெண் குறையலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு அது குறையாகாது; வெயிலுக்கு மேலொட்டு உரிவதுபோல் இது உரியாது.

பூட்டுவதற்குப் பித்தளைத் திருகே தகுந்தது. மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு இரும்பும் ஈரமும் சேர்ந்தால் திருகைச் சுற்றிக் கருநீலக் கறை படரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு அந்த ஈரம் போதும். மெருகுக்குள் ஊறிய கறையை நீக்க, பலகையையே மறுபடி இழைக்க வேண்டிவரும்.

பித்தளை மென்மையானது, இறுகிய தேக்கில் நேராகச் செலுத்தினால் தலை முறிந்து தண்டு உள்ளேயே தங்கிவிடும். எண் 8 திருகு போட வேண்டுமென்றால் முதலில் உரிய வழித்துளை இட்டு, அதே எண்ணுள்ள இரும்புத் திருகைச் செலுத்தி மரத்தில் மரையைப் பதியவைத்து, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளைத் திருகைத் தேன்மெழுகு பூசிச் செலுத்துங்கள். உங்கள் வீட்டு இரும்புத் திருகுகளுக்கு உரிய வேலை அப்படி மரையை முன்னதாகப் பதிப்பதுதான். சோப்பைத் தடவும் பழக்கம் பலரிடம் உண்டு. சோப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் மெழுகே மேல்.

மீட்டர் வளையத்தைச் சுற்றித் தெரியும் இடங்களில், மேற்புறம் சற்றே உப்பிய தலையுள்ள திருகையும் அதன் கீழ்க் கிண்ண வாஷரையும் போட்டால், கழற்றிப் பூட்டும்போதெல்லாம் மரத்தின் விளிம்பு சிதையாது. சித்திரை வெயிலில் மரம் சுருங்கித் திருகு தளர்வதாகத் தோன்றினால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள்.

கேள்வி: துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளையே எல்லா இடங்களிலும் போட்டுவிட்டால் என்ன? கடையில் எளிதாகக் கிடைக்கின்றன, பளபளப்பாகவும் இருக்கின்றன. மற்றொன்று: பழைய திருகுகளை ஆத்தா புளி போட்டுத் தேய்த்துப் புதிதாக்கிவிட்டார்கள். அவற்றை அப்படியே பூட்டலாமா?
– கோட்டையூர் வாசகர்

பதில்: கண்ணுக்குத் தெரியாத எஃகுச் சட்டங்களில் போடலாம். தெரியும் இடத்தில் போட்டால் நிறம் காட்டிக்கொடுக்கும். 1920களின் பிற்பகுதிக்கு முன் கார்களில் பளபளத்தது நிக்கல் முலாம். அது சற்றே மஞ்சள் சாயல் கொண்ட வெண்மை. அதன்பின் வந்த குரோமியத்தில் நீலச்சாயல் இருக்கும். துருப்பிடிக்காத எஃகு இந்த இரண்டிலும் சேராத சாம்பல் நிறம். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எவருக்கும் வேறுபாடு தெரியும்.

நிறத்தைத் தவிர மற்றொரு காரணமும் உண்டு. பல வண்டிகளின் மீட்டர் சட்டங்களும் கைப்பிடிகளும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. துருப்பிடிக்காத எஃகும் துத்தநாகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், அரிமானம் துத்தநாகத்தின் மேல்தான் விழும். திருகு சிறியது, சட்டம் பெரியது என்பதால் அது வேகமாக நடக்காது. ஆனால் தலைக்கு அடியில் ஈரம் தேங்கும் இடத்தில் வெண்பொடி பூத்து முலாம் கொப்பளிக்கும். அங்கே முலாம் பூசிய பித்தளைத் திருகு பாதுகாப்பானது. அதையும் போடும்போது தலைக்கடியில் மெல்லிய மெழுகுப்பூச்சு இருக்கட்டும். அரிமானத்தையும் முலாம் பூச்சையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பதை இங்கே நினைவூட்டத் தோன்றுகிறது. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் அது திறக்கப்பட்டது. முலாம் என்பது நம் ஊருக்கு அயலான தொழில் அல்ல.

புளியைப் பொறுத்தவரை, வெறும் பித்தளைத் திருகானால் தவறில்லை. தண்ணீரில் நன்றாக அலசி, வெந்நீரில் ஒருமுறை முக்கி, முழுவதும் உலர்ந்தபின் பூட்டுங்கள். மரையிடுக்கில் புளிப்பு தங்கினால் சில வாரங்களில் பச்சைப் பூஞ்சணம்போல் களிம்பு எழும். துத்தநாக முலாம் பூசிய எஃகுத் திருகைப் புளியில் போட்டிருந்தால் முலாமே கரைந்திருக்கும். அவற்றை மறுபடி முலாமுக்கு அனுப்பும் வரை பூட்ட வேண்டாம். பழைய திருகு பித்தளையா, எஃகா என்று தெரியாவிட்டால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். எஃகை அது பற்றி இழுக்கும். நிக்கல் முலாம் பூசிய பித்தளையில் இழுப்பு மிக மெல்லியதாக இருக்கும் அல்லது தெரியவே தெரியாது.

முலாம் பூசக் கொடுக்கும்போது நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று: முலாம் மரையின் மேலும் படியும். 4 பி.ஏ., 6 பி.ஏ. போன்ற சிறு திருகுகளில் கனமாகப் படிந்தால் அவை தம் துளையிலேயே ஏறா. தலைக்கு மட்டும் போதும், மரைக்கு மெல்லியதாக இருந்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 1940களின் பிளைமவுத் காரில் கூட்டல் குறிபோல் வெட்டுள்ள திருகுகள் இருக்கின்றன. இவை பின்னாளில் மாற்றப்பட்டவை, அக்காலத்தில் ஒற்றை வெட்டுத்தான் இருந்திருக்கும் என்று நண்பர் சொல்கிறார். ஒரு திருகின் வெட்டு ஏற்கெனவே சிதைந்துவிட்டது.
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: நண்பர் சொல்வது பிரிட்டிஷ் வண்டிக்குப் பொருந்தும், அமெரிக்க வண்டிக்குப் பொருந்தாது. கூட்டல் குறி வெட்டுள்ள ஃபிலிப்ஸ் தலை 1936இலேயே காடிலாக் கார்களில் புகுந்துவிட்டது. சில ஆண்டுகளில் பிற அமெரிக்க நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. ஆகவே உங்கள் திருகுகள் அசலாகவே இருக்கலாம், கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

கூட்டல் குறிக்கு நடுவே நாற்பத்தைந்து பாகையில் நான்கு மெல்லிய கீற்றுகள் தெரிந்தால் மட்டும் அது போசிடிரைவ். 1960களில் வந்தது, உங்கள் வண்டிக்கு உரியதல்ல. ஒன்றின் திருப்புளியை மற்றொன்றில் போட்டதால்தான் வெட்டுகள் பெரும்பாலும் சிதைகின்றன. குழிக்குள் அமரும் அமெரிக்கக் கவுண்டர்சங்க் தலையின் சரிவு 82 பாகை, பி.ஏ.யிலும் மில்லிமீட்டர் திருகிலும் 90 பாகை. எனவே மரை பொருந்தினாலும் தலை குழியில் சரியாக அமராமல் விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும். இறுக்கும்போது குழியின் விளிம்பு வண்ணத்தை உரித்துவிடும். வாங்கும்போது இதைக் கேளுங்கள்.

சிதைந்த திருகைக் கழற்ற, முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு வைத்து, பொருத்தமான திருப்புளியை வெட்டில் நிறுத்தி அதன் தலையில் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு தட்டுங்கள். வெட்டு சற்றே ஆழமாகும், துருவின் பிடிப்பும் உடையும். அதன்பின் முழு எடையையும் அழுத்தித் திருகுங்கள்.

கேள்வி: வேகமானியின் பின்புறம் கையால் திருகும் வரிப்பள்ள நட் ஒன்று காணவில்லை. முன்பக்கத் திருகு ஒன்றை நீளமாகப் போட்டு, பின்னால் சாதாரண நட் வைத்துவிட்டேன். பிறகு விளக்குகள் மின்னுகின்றன.
– புதுவயல் வாசகர்

பதில்: உடனே பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிட்டு இதைத் தொடர்ந்து படியுங்கள். அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் நேர்முனைதான் எர்த் என்பதால், எது எர்த் என்று கம்பியைத் தொடர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் கம்பிக்கட்டு மிக நெருக்கமாக ஓடுகிறது. பழைய துணிச் சுற்று நைந்திருக்கும். ஐந்து மில்லிமீட்டர் நீளம் கூடினாலும் திருகின் முனை கம்பியைக் குத்தித் தகட்டோடு இணைத்துவிடும். அதனால் ஃபியூஸ் இல்லாத சுற்றுகளில் தீப்பற்றும் அபாயமும் உண்டு. நீளத்தை அசல் திருகிலிருந்தே எடுங்கள். அசல் இல்லையென்றால் தகடு, வாஷர், நட் ஆகியவற்றின் தடிமனைக் கூட்டி, அதற்குமேல் இரண்டு மரை மட்டும் நீளும்படி வெட்டி, முனையை அரத்தால் மழுக்குங்கள். குத்திய இடத்தில் கம்பியை மாற்றியபின்தான் பேட்டரியை இணைக்க வேண்டும்.

வரிப்பள்ள நட்டைப் பித்தளைத் தண்டிலிருந்து லேத்தில் எளிதாகக் கடைந்து தருவார்கள். மீட்டரிலிருந்து நீளும் தண்டின் மரையை முதலில் அளந்து கொடுங்கள். அது 2 பி.ஏ.யாகவும் இருக்கலாம், 10-32 ஆகவும் இருக்கலாம், வண்டியின் ஆண்டைப் பொறுத்தது. பூட்டும்போது விரல் வலிமையோடு நிறுத்துங்கள். இடுக்கியால் இறுக்கினால் மீட்டரின் உடல் வளைந்து கண்ணாடி உடையும். இன்னொரு செய்தி: பல மீட்டர்களும் விளக்குகளும் தம் உடல் வழியாகவே எர்த் பெறுகின்றன. டாஷ்போர்டைப் புதிதாக வண்ணம் பூசியிருந்தால் பிடிப்புத் தகடு தொடும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, பல்லுள்ள வாஷர் ஒன்றைப் போடுங்கள்.

கேள்வி: இத்தகைய திருகுகள் நம் பகுதியில் எங்கே கிடைக்கும்? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்தான் உண்டா?
– பல வாசகர்கள்

பதில்: பி.ஏ. திருகுகளும் அவற்றுக்கான டேப், டை கருவிகளும் பிரிட்டனில் இன்றும் செய்யப்படுகின்றன, வரவழைப்பதும் கடினமல்ல. எனினும் அதற்கு முன் உள்ளூரில் சில இடங்களைப் பார்ப்பது நல்லது.

முதலிடம் உங்கள் வீடுதான். பழைய ரேடியோப் பெட்டியும், பீங்கான் சுவிட்சுகளும், உருண்டை முனை பிளக்குகளும் சாமான் அறையில் கிடந்தால் அவற்றுக்குள் 4 பி.ஏ.யும் 6 பி.ஏ.யும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் இயங்கும் நிலையில் உள்ள ஒரு பழம்பொருளைத் திருகுக்காகப் பிரிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இரண்டாவது, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள். வீடுகளிலிருந்து வந்த கதவு, அலமாரி, கடிகாரம் ஆகியவற்றோடு அவற்றின் திருகுகளும் டப்பா டப்பாவாக வந்து சேர்கின்றன. ஒற்றை வெட்டுள்ள பித்தளை மரத்திருகுகளுக்கு அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. நெட்டில்ஃபோல்ட் என்ற பிரிட்டிஷ் திருகு நிறுவனத்தின் முத்திரையிட்ட பழைய அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் கிடைத்தால், தேவையில்லாவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது விற்கும் திருகுகளின் வெட்டு அகலமும் தலையின் உயரமும் பழையவற்றோடு ஒத்திருப்பதில்லை. கடைக்குச் செல்லும்போது சரியான நட் ஒவ்வொன்றிலும் ஒன்றை ஒரு கம்பியில் கோத்துக்கொண்டு செல்வது அளவுகோலைவிடப் பயன்படும்.

கார் உதிரிபாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் அனைவருக்கும் தெரிந்தவை. பிரித்தெடுத்த வண்டியின் டாஷ்போர்டையே வாங்கினால், திருகுகளோடு கிளிப்புகளும் சேர்ந்து வரும்; விற்பவர் அவற்றைத் தனியாகக் கணக்கிடுவதுமில்லை. அசலில் எந்த இடத்தில் எந்தத் தலை இருந்தது என்று பார்க்க விரும்பினால் கோயம்புத்தூரில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.

எங்கும் கிடைக்காதபோது லேத் பட்டறை. தேவை நான்கைந்து திருகுகளுக்கு உட்பட்டிருந்தால் கடைந்து வாங்குவதே விரைவானது. மாதிரித் திருகு ஒன்றையும், துளை உள்ள பகுதியையும் சேர்த்தே கொண்டு செல்லுங்கள். தலையின் விட்டம், உயரம், வெட்டின் அகலம் மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மரையைச் சரியாக வெட்டித் தருபவர்களும் வெட்டின் அகலத்தைத் தம் விருப்பம்போல் வைத்துவிடுவதால், பூட்டியபின் அந்த ஒரு திருகு மட்டும் தனித்துத் தெரிகிறது.

கேள்வி: எல்லாத் திருகுகளின் வெட்டும் ஒரே திசையில் நிற்க வேண்டுமா?
– பொன்னமராவதி வாசகர்

பதில்: தொழிற்சாலையில் யாரும் அப்படிப் பார்த்துப் பூட்டியதில்லை. உங்களுக்கு அழகாகத் தோன்றினால் செய்யலாம். திசைக்காக ஒன்றை அதிகமாக இறுக்கவோ, மற்றொன்றைத் தளர்த்தவோ கூடாது.

கேள்வி: தை மாதம் வீட்டில் திருமணம். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் பழைய ஆஸ்டின் காரைத்தான் கொண்டுவர வேண்டும் என்று அப்பச்சி சொல்லிவிட்டார்கள். வரவழைத்த பி.ஏ. திருகுகள் அதற்குள் வந்து சேராது. தற்காலிகமாக ஏதாவது செய்ய முடியுமா?
– காரைக்குடி வாசகி

பதில்: செய்யலாம். விதி ஒன்றே: துளைக்குள் மரை பிடிக்கும் எதையும் போடாதீர்கள், துளையினூடாகத் தளர்வாகச் சென்று வருவதையே போடுங்கள். 2 பி.ஏ. துளையில் 3 மி.மீ. திருகு மரையில் பிடிக்காமல் உள்ளே செல்லும். பின்புறம் கை எட்டும் இடங்களில் நைலான் பிடிப்புள்ள 3 மி.மீ. நட்டையும் அகன்ற வாஷரையும் வைத்து மிதமாக இறுக்குங்கள். 4 பி.ஏ. துளைக்கு 2.5 மி.மீ. திருகு. கை எட்டாத இடத்தில் துளையை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். மீட்டர் தகட்டில் எதிரெதிர் மூலைகள் இரண்டு பிடித்திருந்தால் ஊர்வலத்துக்குத் தாங்கும்.

ஒட்டும் பசையால் தகட்டை ஒட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்ணத்தோடுதான் அது கழன்று வரும். தற்காலிகத் திருகுகளின் தலையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்துவிட்டால், அசல் வந்ததும் எவற்றை மாற்ற வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது. அழைப்புக்கு முதல் நாள் மாலை பேட்டரியின் எர்த்தைக் கழற்றி, பின்புற நட்டுகள் எதுவும் கம்பியைத் தொடவில்லை என்று விளக்கு வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.